உடை மாற்றும் அறையுடன் கூடிய உழவர் நலன்

காவிரி பாயத் தொடங்கிய நாள் முதல் இந்த மண்ணில் மனிதர்கள் வியர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் எப்படி வியர்த்தார்கள்? முறையில்லாமல், திட்டமில்லாமல், வயல் வரப்பு என்று பார்க்காமல் கண்ட இடத்தில் வியர்த்துத் தொலைத்தார்கள். வியர்வைக்கென்று ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு கதவு, அந்தக் கதவுக்கு முன்னால் உடை மாற்றிக்கொள்ள இன்னோர் அறை என்று ஒழுங்கு செய்து, டெல்டாவின் வியர்வையை உலகத் தரத்துக்கு உயர்த்திய பெருமை, பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள மேலச்சித்தேரி நெல் உற்பத்தியாளர் குழுவின் தலைவர் திரு. புகழேந்தி அவர்களையே சேரும். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள்.

புகழேந்தி அரசு அலுவலகம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதை மேற்பார்த்தார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு பின்லாந்தில் இருக்கும் மகன் இளம்பரிதி வீட்டுக்குப் போய்க் கோடை முழுக்கத் தங்கிவிட்டு வந்தார். போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனவர், வரும்போது விறைப்பாக வந்து இறங்கினார். காரணம் கேட்டவர்களுக்கு ஒரே சொல்லில் பதில் சொன்னார்: "சானா."

அது என்ன என்று உரக்கடை துரைராசு கேட்டார். அவர்தான் குழுவின் பொருளாளர்.

"மர ரூமுங்க. உள்ளே அடுப்பு, அடுப்பு மேல கல்லு. கல்லு நல்லாக் காஞ்சதும் ஒரு கரண்டி தண்ணி ஊத்தணும். ஆவி குப்புனு வரும். நாம பெஞ்சுல உக்காந்து வேர்க்கணும். அவ்வளவுதான். அந்த நாட்டுல பெரிய அதிகாரியிலேந்து பால்காரர் வரைக்கும் வேர்க்கிறாங்க."

"நம்ம ஊர்லயும் அதானே தலைவரே நடக்குது?"

"நம்ம ஊர்ல வேர்க்குது. அங்க வேர்க்கிறாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு துரைராசு."

துரைராசுவுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காவிட்டாலும் தலையாட்டுவதற்குத்தானே பொருளாளர் என்று ஒருவர்! ஆனால் என்ன பிரயோஜனம்? ஊருக்கு வந்த வாரமே தலைவரின் இடுப்பு பழையபடி பிடித்துக்கொண்டது. தாய்மண்ணின் குணம் அப்படி.

அந்த நேரம் பார்த்துச் சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை குழுவுக்கு நிதி ஒதுக்கியது. எதற்கு? நெல் உலர்த்தும் அறைக்கு. முந்தின வருஷம் குறுவை அறுவடை மழையில் மாட்டி, கொள்முதல் நிலைய வாசலில் குவித்திருந்த நெல் தார்ப்பாய்க்கு அடியிலேயே முளைவிட்டு நின்றது. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் பதினேழுக்கு எங்கே போவது? அதனால் தலைவரின் சொந்த அக்கா பூவம்மாள், குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவள், வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். "சூடாக் காத்தடிக்கிற ரூம் ஒண்ணு கட்டிக் குடுங்க, நெல்லைக் காயவெச்சுக்கறோம்" என்று கேட்டுக் கிடைத்த நிதி அது. கேட்டது பூவம்மாள், கிடைத்தது குழுவுக்கு. குழு என்றால் தலைவர். இதில் யாருக்கும் குழப்பம் வரக் கூடாது.

நிதி வந்ததும் தலைவர் தம் வீட்டுக் கூடத்தில் அவசரக் கூட்டம் கூட்டினார். உறுப்பினர்கள் எல்லாரும் குறுவை அறுப்பில் இருந்தபடியால் தலைவரும் பொருளாளரும் மட்டுமே கலந்துகொண்டார்கள். அதனால் கூட்டம் எவ்விதக் குறுக்கீடும் இன்றிச் சிறப்பாக நடைபெற்றது.

"தலைவரே, காசு நெல்லுக்குல்ல வந்துருக்கு?" என்று துரைராசு மெல்ல ஆரம்பித்தார்.

"நெல்லு தானா வெளையுதா?"

"இல்லீங்க. வெவசாயி வெளைய வெக்கிறான்."

"வெவசாயிக்கு முக்கியம் எது?"

"தண்ணி?"

"இடுப்பு! குனிய முடியலைன்னா என்னா வெவசாயம்? சரி, நம்ம குழுவுல யாருக்கு இடுப்பு வலி?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப எங்கேந்து ஆரம்பிக்கணும்?"

தலைவர் வயலில் குனிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்ற அற்ப விவரத்தைத் துரைராசு எழுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொருளாளருக்கு என்று தலைவர் வாக்களித்ததும் அவருடைய மனசாட்சி முழுமையாகச் சமாதானம் அடைந்தது. "நெல்லை உலர்த்தும் பெரும்பணியின் முதற்கட்டமாக உழவரை உலர்த்துவது" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நெல் இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. இடம்? ஊர்ப் பொதுக் களம் பள்ளம், தண்ணீர் தேங்கும். ஆகவே தலைவர் வீட்டுக் கொல்லை 'தியாகம்' செய்யப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து கம்பெனிப் பிரதிநிதி ரஞ்சித் வந்தான். இறுக்கிய டை, கையில் டேப்லெட், வாய் நிறைய 'சார்'. வந்தவன் நெற்றியிலிருந்து ஆறாக ஊற்றியது. அதைத் துடைத்துக்கொண்டே வியர்வையின் நன்மைகளை விளக்கினான்.

"சார், இது தொண்ணூறு டிகிரி வரைக்கும் போகும்."

"சித்திரையில நம்ம ஊரே பாதி வழி போயிடும்" என்றார் துரைராசு. "மீதிக்குத்தான் நீங்க அடுப்பு வெக்கிறீங்க."

ரஞ்சித் முதல் மாடலைக் காட்டினான். உருளையாக இருந்தது.

"இது என்னா தம்பி, நெல்லுக் குதிரு படுத்துக் கெடக்குறாப்புல இருக்கு?"

தலைவர் முகம் சுளித்தார். "குதிருக்குள்ள நெல்லு இருக்கலாம். தலைவர் இருக்கலாமா?" அந்த மாடல் கொள்கை அடிப்படையில் நிராகரிக்கப்பட்டது.

"அப்ப இது பாருங்க சார். சதுர கேபின். ரொம்ப நல்லாப் போகுது. வீட்டுலேந்து துண்டைக் கட்டிக்கிட்டு நேரா வந்து உக்காந்துடலாம்."

தலைவர் எழுந்து ஜன்னல் அருகே போய் நின்றார். கொல்லைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரை. நாற்றுக்கட்டோடு போகிற பெண்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், சும்மா போகிற எதிர்க்கோஷ்டி, எல்லாருக்கும் அதுதான் வழி.

"பொதுவாழ்க்கையில இருக்குறவன் துண்டோட கொல்லையைக் கடக்குறதா?"

"பின்லாந்துல அந்தத் துண்டும் இல்லாமத்தான் போறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் துரைராசு.

"அது அவங்க ஜனநாயகம்."

ரஞ்சித் பிழைக்கத் தெரிந்த பிள்ளை. உடனே மூன்றாவது மாடலுக்குத் தாவினான். "உங்களுக்கு வேண்டியது இதான் சார். சேஞ்சிங் ரூம் அட்டாச்டு. வீட்டுலேந்து முழு டிரஸ்ல வர்றீங்க, இந்த ரூமுல மாத்துறீங்க, உள்ளே போறீங்க. சரி, உள்ளே என்ன போட்டுக்குவீங்க சார்?"

"வேட்டிதான்."

"வெளியேயும் வேட்டிதானே கட்டியிருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப மாத்துறதுக்கு..."

"இது கரை வெச்ச வேட்டி. அது கரை இல்லாத வேட்டி. கரை வேட்டியோட வேர்த்தா கட்சிக்கு என்னா மரியாதை?"

ரஞ்சித் அதையும் குறித்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஆலோசனை சூடு பிடித்தது. வாஸ்துப்படி அடுப்பு அக்கினி மூலையில் இருக்க வேண்டும் என்றார் துரைராசு. உடை மாற்றும் அறையில் நிலைக்கண்ணாடி வேண்டும் என்றார் தலைவர். வியர்த்த பின் முகத்தில் தேஜஸ் கூடுவதைப் பார்க்க வேண்டாமா? சாய்வு நாற்காலி வேண்டும். விருந்தினர் வந்தால் இன்னொரு சாய்வு நாற்காலி. கடைசியில் தலைவருக்கு ஒரு தொலைநோக்கு உதித்தது.

"உள்ளேந்து வெளிய வந்ததும் வேர்க்குமே. அதுக்கு என்னா பண்றது?"

"வேர்க்கத்தானே சார் உள்ளே போறது?"

"உள்ளே வேர்க்கிறது உடம்புக்கு நல்லது. வெளியே வேர்க்கிறது கசகசன்னு இருக்கும்ல?"

ஆகவே உடை மாற்றும் அறைக்கு ஏ.சி. சேர்க்கப்பட்டது. முடிவாக ஒப்புக்கொண்ட வரைபடத்தில் வியர்க்கும் அறையைவிட உடை மாற்றும் அறை பெரிதாக அமைந்தது. இத்தனைக்கும் கரண்டு? கொல்லையை ஒட்டி இருக்கும் பம்புசெட்டின் இலவச மும்முனை மின்சாரம்தான். விவசாயத்துக்குத் தருகிற மின்சாரத்தை விவசாயி வியர்ப்பதற்குப் பயன்படுத்துவதில் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்கள்!

கூட்டம் முடிகிற நேரம் பூவம்மாள் வந்தாள். தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள், முந்தானையில் தண்ணீர் சொட்டியது.

"தம்பி, மிஷின் எப்ப வரும்?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா. மாடல்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"சீக்கிரம் பாரு. காலையில மீட்டர்ல வெச்சாங்க, ஈரம் இருபத்தொண்ணு காட்டுது. வெயில் எட்டிப் பாத்தா ரோட்டுல கொட்டிக் காய வெக்கிறேன், பரப்பி முடிக்கிறதுக்குள்ள மறுபடியும் ஊத்துது. இந்த நெல்லு வெல போனாத்தான் அடுத்த போகம் தாளடி நடவுக்கு ஆள் கூப்பிட முடியும். நாத்து வேற முத்திக்கிட்டு நிக்குது."

"கவலைப்படாதேக்கா. குழு தீவிரமாப் பரிசீலிச்சுக்கிட்டு இருக்கு."

பூவம்மாள் டேப்லெட்டில் தெரிந்த மர அறையைப் பார்த்தாள். "பெரிசாத்தான் இருக்கு" என்று திருப்தியோடு சொல்லிவிட்டுப் போனாள். தம்பி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பார்த்தால் நமக்குத்தான் வயிறு எரிகிறது. தலைவருக்கு எதுவும் எரியவில்லை.

லாரியில் சாமான் வந்து இறங்கியபோது ஊர்ப் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிவந்து கூலி வாங்காமல் இறக்கிக் கொடுத்தவள் பூவம்மாள். பலகை பூட்டி முடித்ததும் தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தியவளும் அவள்தான். 'உழவர் நல்வாழ்வு உலர் கூடம்' என்று பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"தம்பி, அது என்னா உள்ளே படிப்படியா பெஞ்சு?"

"உக்காரத்தான்."

"நெல்லு எப்ப உக்காந்துச்சு? நெலக்கண்ணாடி எதுக்கு, நெல்லு பொட்டு வெச்சுக்கப் போவுதா? சாய்வு நாக்காலி எதுக்கு, காஞ்ச நெல்லு கொஞ்ச நேரம் படுத்துக்குமா?"

"அக்கா, இது முதல் கட்டம். மனுஷங்களுக்கு. நெல்லு ரெண்டாம் கட்டம்."

பூவம்மாள் பெயர்ப் பலகையை இன்னொரு முறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "குவியலுக்குள்ள கையை விட்டா சுடுது தம்பி. இன்னும் ரெண்டு மழை பேஞ்சா மொளைச்சிடும். உன் ரெண்டாம் கட்டம் வர்ற வரைக்கும் அது சொன்ன பேச்சு கேட்டுக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டாள். அருகில் நின்ற பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுக் கலைந்தார்கள். முன்னோடிகளுக்கு இதெல்லாம் சகஜம் என்று தலைவர் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, கரை வேட்டியை மாற்றிக்கொள்ள உள்ளே போனார்.

அன்று முதல் மும்முனை வருகிற நேரமெல்லாம் தலைவர் வியர்த்தார். வெளியே மழை, உள்ளே மழை. ஊரில் நெல் நனைய நனைய அவர் இடுப்பு இளகியது. துரைராசு ஞாயிற்றுக்கிழமை தம் முறைக்குத் தவறாமல் வந்தார். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பலன் கூடும் என்று அவர் கண்டுபிடித்தது மேலச்சித்தேரி இந்தத் துறைக்கு அளித்த தனிக்கொடை. வேலை முடிந்ததாக அறக்கட்டளைக்குத் தலைவர் அனுப்பிய படத்தில் கதவு பூட்டியிருந்தது, பலகை பளிச்சென்று தெரிந்தது. படம் நன்றாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. நெல் உலர்வதை நேரில் பார்த்துப் படம் பிடிக்க அறக்கட்டளை அலுவலர் பிரதீபா மேடம் மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது.

தலைவருக்கு முதன்முறையாக அறைக்கு வெளியே வியர்த்தது. ஆனால் தலைவர்கள் சும்மாவா தலைவர்களாகிறார்கள்? பைக்கை எடுத்துக்கொண்டு, பூவம்மாள் நெல்லுக்குக் காவல் கிடந்த கொள்முதல் நிலைய வாசலுக்கே போய்விட்டார்.

"அக்கா! உன் நெல்லுக்கு முன்னுரிமை குடுத்துட்டேன். ரெண்டாம் கட்டம் நாளைக்கே."

பூவம்மாள் அழுதேவிட்டாள். பேசினதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடிந்ததும் வண்டி பிடித்து மூட்டைகளை ஏற்றி வந்து சேர்ந்தாள். பெஞ்சு, தரை, மூலை என்று கொண்டமட்டும் நெல்லைக் கொட்டினார்கள். மீதி மூட்டைகளை உடை மாற்றும் அறையில் வைக்கலாமா என்று கேட்டாள். கண்ணாடியில் தூசி படியும் என்று தலைவர் மறுத்துவிட்டார். அவை கொல்லையில் மழைக்குக் கீழே நின்றன.

அடுப்பு காய்ந்தது. தலைவர் கதவை இறுக்கச் சாத்தினார். மேடத்தின் கார் பாபநாசத்தைத் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும் அவருக்குப் பரபரப்பு தாங்கவில்லை. கதவைத் திறக்கும்போது பின்லாந்து மாதிரி ஆவி குப்பென்று வர வேண்டாமா? இல்லாவிட்டால் மேடம் என்ன நினைப்பார்? வாளியைத் தூக்கினார்.

"காய வெக்கிற எடத்துல எதுக்கு தம்பி தண்ணி?"

"அக்கா, இது டெக்னாலஜி. நீ சும்மா இரு."

கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டியதை வாளி வாளியாக ஊற்றினார். ஊற்றிச் சாத்தினார், மறுபடி திறந்து ஊற்றிச் சாத்தினார். கார் வரத் தாமதமானது. ஆகவே தொழில்நுட்பமும் நீண்டுகொண்டே போனது.

பிரதீபா மேடம் வந்தார், மாலை போட்டார்கள், கதவைத் திறந்தார்கள். ஆவி வந்தது. அடேயப்பா, என்ன ஆவி! அதோடு ஒரு வாசனையும் வந்தது. சுற்றி நின்ற பெண்கள் எல்லாருக்கும் பிறந்தது முதல் தெரிந்த வாசனை, புழுங்கலுக்கு நெல் அவிக்கிற வாசனை.

"ரொம்ப நல்ல வாசனையா இருக்கே!" என்றார் மேடம்.

"மதிப்புக் கூட்டல் மேடம்" என்றார் தலைவர், இமை கொட்டாமல். துரைராசு கை தட்டினார்.

பூவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளினாள். உமி வாய் பிளந்து கிடந்தது. இரண்டு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். அப்படியே துப்பினாள்.

"பயனாளி இவங்கதானே?" என்று மேடம் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பேசுங்கம்மா. இந்தத் திட்டத்தால உங்களுக்கு என்ன பலன் கிடைச்சுதுன்னு சொல்லுங்க. அப்படியே பதிவாகும்."

தலைவர் அக்காவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள், சபையில் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று அவருக்கு ஒரு தைரியம்.

"ஈரம்னு தள்ளிவிட்ட நெல்லுங்க இது" என்று பூவம்மாள் நிதானமாக ஆரம்பித்தாள். "இனிமே அவிஞ்சதுன்னு தள்ளுவாங்க. நெலையத்துலயும் எடுக்க மாட்டாங்க, வெதைக்கும் ஆவாது. என் வயலு இந்தத் தாளடிக்குத் தரிசுதான். நான் அடுத்தவன் வயலுக்கு நடவுக்குப் போவணும். அது ஒண்ணும் எனக்குப் புதுசு இல்லீங்க. இவன் படிச்சு ஆபீஸு உத்தியோகத்துக்குப் போனது நான் குனிஞ்சு நட்ட கூலியிலதான்."

மேடம் செல்போனை இறக்கப் பார்த்தார். பூவம்மாள் அந்தக் கையைப் பிடித்து நேராக நிறுத்தினாள்.

"இருங்க, பலனைக் கேட்டீங்கல்ல? அந்தா பாருங்க என் தம்பியை. இடுப்பு வலி போயி எப்புடி நிமிந்து நிக்கிறான்! அவனை நிமித்தி வெக்க நான் இன்னொரு தடவை குனியணும், அவ்வளவுதான். எழுதிக்கங்க மேடம், திட்டம் வெற்றி."